வண்டியை விற்றவர்

ஜூன் 4, செவ்வாய்

காலையில் கார் மூன்றாவது முயற்சியில்தான் ஸ்டார்ட் பிடித்தது. ஒரே புகை. மாடி வீட்டுக்காரி என்னை முறைத்துக்கொண்டே கொடியில் கிடந்த துணிகளை எடுத்துப் போனாள். இருபத்தோரு வயது டீசல் வண்டி, என்ன செய்ய? ஆனால் பிடித்த பிறகு அந்தத் தடதடப்பு இருக்கிறதே — வீட்டில் இன்னொரு ஆள் எழுந்து நடமாடுகிற மாதிரி. தங்கை கல்யாணமாகிப் போய் எட்டு மாதம். நாற்பத்தாறு வயதில் அவளுக்குக் கல்யாணம், ஐம்பத்து மூன்றில் எனக்குக் கார். யார் யாருக்குப் புத்தி சொல்வது?

ஜூன் 9, ஞாயிறு

சரியாகப் பத்து மணிக்கு வண்டியை எனக்கு விற்றவரின் ஃபோன். கண் பார்வை மங்கியதால் விற்றவர். மூன்று மாதமாக ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. வண்டி எப்படி ஓடுகிறது என்பார். நன்றாக ஓடுகிறது என்பேன். வைத்துவிடுவார். மகளைக் கட்டிக்கொடுத்த அப்பாகூடத் தோற்றுப்போவார். எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

மேம்பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்னால் நூறு ஹாரன். யாரோ இரண்டு பேர் தள்ளி ஓரம்கட்டினார்கள். மெக்கானிக் பார்த்துவிட்டு, "டீசல் பம்ப் போயிடுச்சுக்கா. இது ஒரே நாள்ல வர்ற நோவு இல்ல" என்றார். பாதி மாதச் சம்பளம் காலி.

தங்கையிடம் சொன்னேன். பழைய இரும்புக் கடையில் போடச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த வீட்டில் எப்போதும் யாராவது சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

"நல்லா ஓடுது சார்" என்றேன். வண்டி பட்டறையில் கிடக்கிறது. ஏன் பொய் சொன்னேன்? வருத்தப்படுவாரே என்றுதான்.

இன்று வேறு யாரிடமும் பேசவில்லை.

ஜூன் 22, சனி

வண்டி வந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் பிடித்தது. அதே மேம்பாலம், நாலாவது கியரிலேயே ஏறியது. வேலையே இல்லாமல் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். இதை யாரிடம் சொல்ல? நாளைக்கு அவரிடம் சொல்லலாம்.

ஜூன் 23, ஞாயிறு

ஃபோன் வரவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இன்றும் இல்லை. குளியலறைக்குக்கூட ஃபோனை எடுத்துக்கொண்டு போனேன். வெட்கக்கேடு.

ஜூலை 1, திங்கள்

நானே கூப்பிட்டேன். அவர் மகன் எடுத்தார். உங்களுக்குத் தொந்தரவு என்று நான்தான் அப்பாவைத் தடுத்தேன் என்றார். தொந்தரவே இல்லை, சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 6, சனி

வாசலிலேயே நின்றிருந்தார். பானட்டைத் தடவிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு தெரு தாண்டுமுன் இன்ஜின் சத்தம் கேட்டே முகம் மாறிவிட்டது.

"பம்ப் மாத்திட்டீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அது போகும்னு தெரிஞ்சேதான் வித்தேன் மேடம். சொல்லிடணும்னுதான் வாராவாரம் கூப்பிட்டேன். நல்லா ஓடுதுன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் வாய் வரல."

செலவைத் தந்துவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவரை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

காசு போனது போகட்டும். வாரத்துக்கு ஒரு தடவையாவது நம்மள விசாரிக்க ஒரு ஆள் இருக்குன்னு நெனச்சேனே! பம்பைத்தான் விசாரிச்சிருக்கார். நான் ஒரு பைத்தியக்காரி.

பத்து மணிக்கு அடித்தது. எடுக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

அடித்தது. எடுத்தேன்.

"வண்டியப் பத்திக் கேக்கல மேடம்" என்றார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இருவருமே வைக்கவில்லை. கடைசியில் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். பல் செட் செய்கிறேன் என்றேன். தன் மேல்வரிசை ஒரு வருஷமாக ஆடுகிறது என்றார். சிரித்துவிட்டேன். அவரும்தான்.

ஜூலை 24, புதன்

வேலைக்கு லீவு. கண் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பாதைதான்.

எட்டு மணிக்கே கிளம்பிவிட்டோம்.