மேஜர் தட்டில் உப்பு கூடாது

ஏற்காடு, ஞாயிறு

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

“வயசான நாய்மா, உப்பில்லாத சோத்த மோந்து பாத்துட்டு என் மூஞ்சியவே பாக்குது, எப்டி கருவாடு போடாம இருக்கறது?” என்று போனில் கேட்டீர்கள். மேஜருக்குச் சிறுநீரகம் பழுது என்று மருத்துவர் உங்கள் எதிரில்தானே சொன்னார்? மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் வீடானாலும் அவன் தட்டில் உப்பு கூடாது. வெறுமனே வேகவைத்த மீனை முள்ளெடுத்துப் பிசைந்து வையுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பொங்கல் விடுமுறைக்கு நான் வரும்போது அவன் வாசலில் நிற்க வேண்டும்.

இங்கே விடுதிப் பிள்ளைகளின் பிரேயரில் லேசாகத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். இரத்தக் கொதிப்புதான், பயப்பட ஒன்றுமில்லை. எனக்கும் உப்பை நிறுத்திவிட்டார்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. மேஜர் தட்டைத் தள்ளினால், நானும் இங்கே அதையேதான் சாப்பிடுகிறேன் என்று அவனிடம் சொல்லுங்கள்.

தங்கை,
விருத்தாம்பாள்