உன்னைவிட அதிக மெமரி

பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இன்று காயலாங்கடைக்குப் போடலாம் என்று இறக்கினேன். மூடியைத் திறந்ததும் தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை. உடனே நீ வந்து நின்றுவிட்டாய். போன பிறகும் என்னை விடமாட்டேன் என்கிறாய்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஆவடி குவார்ட்டர்ஸில் நம் வரிசையில் முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவன் நீ. நம் இருவருக்கும் ஒரே ஃபாக்டரி, ஒரே ஷிப்டு, ஒரே சம்பளம். ஆனால் என் பெண் காலேஜ் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு உன் வீட்டுக்கு ஓடுவாள். சாப்பிடும்போதுகூட "அங்கிள் சொன்னாரு, அங்கிள் காட்டினாரு" என்றுதான் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளை வீட்டில் உட்கார வைக்கத்தான் போனஸ் பணத்தில் நானும் ஒன்று வாங்கினேன். உன்னிடம் இருந்த அதே போர்டு, அதே பிராசசர். மெமரி மட்டும் உன்னுடையதைப்போல் இரண்டு மடங்கு. கடைக்காரர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை.

அது உன்னுடையதைவிட மெதுவாக ஓடியது. பெண் போய் உன்னையே கூட்டிக்கொண்டு வந்தாள்.

மூடியைக் கழற்றி, போர்டில் ஒரு சதுரச் சில்லைத் தொட்டுக் காட்டினாய்.

"இங்க பாரு மாமே. பிராசசர் நேரா யார்கிட்டயும் பேசாது. மெமரி, டிஸ்க்கு, கீபோர்டு, எல்லாம் இந்த சிப்செட் வழியாத்தான். இதுக்கு ஒரு அளவு கீது. அது வரைக்கும், அடிக்கடி வேணுங்கறத பக்கத்துலயே வெச்சிகினு சட்டுனு குடுத்துரும். அதுக்கு மேல மெமரி போட்டா தெணறும்."

பாதி மெமரியைக் கழற்றினாய். வேகமாக ஓடியது. என் பெண் கைதட்டினாள். நீ கேலியாவது செய்திருக்கலாம். "நல்ல போர்டாத்தான் வாங்கிகீறே" என்று என்னையே பாராட்டி, காபி குடித்துவிட்டுப் போனாய். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

இப்போது அவளுக்குப் பெங்களூரில் இந்தச் சில்லுகளை வடிவமைக்கும் வேலை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் உன் பெயரைத்தான் சொல்கிறாள்.

போன மாதம் உன் சாவுக்கு விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். உன் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரிக்கும் உன்னியத்தாம்மா கேட்டுகினே இருந்தாரு" என்று அழுதார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என்னையும் கேட்டாய் என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை.

இத்தனை வருஷம் உன்மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷம் என் பெண்மேல் திரும்பியது. இன்னும் தணியவில்லை. அவளுக்கு அங்கிள் ஆவதற்கு முன்னால் நீ என் சிநேகிதன்டா.