காற்றுச் சேதியை யார் சொல்வது

ரம்லா, ஞாயிறு மாலை

அன்புள்ள யுஸ்ரா,

நீ நலமாக இருக்கிறாய் என்பதை, முகநூலில் படகுச் சேதி சொல்லும் ரிஹாமின் வீடியோவுக்குக் கீழே நீ எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். நாங்களும் நலம், அதை நீ எங்கே படிப்பாய் என்று தெரியாததால் இந்தக் கடிதம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, கனமான வலையைத் தூக்காதீர்கள் என்றால் கேட்பதில்லை. இந்த வாரம் பேய்க்கணவாய் நிறையக் கிடைத்தது, மாடிக் கொடியில் துணிக்கு இடமில்லாமல் அதுதான் தொங்குகிறது. லியோனில் குளிர் தொடங்கிவிட்டதாமே. அதையும் ரிஹாம்தான் சொன்னாள், கடையில் ரொட்டிக்கு நிற்கும்போது, எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டு. தெரியும் என்றேன்.

உன் முகநூல் பக்கத்தைப் பார்த்தால் வீட்டில் இருப்பதுபோல இருக்கிறது என்று அவளுக்கு எழுதியிருந்தாய். வீடு. அந்தச் சொல்லிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். நம் தீவுப் பயணிகள் சங்கத்தின் இணையதளத்தை நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து நான் எழுதுகிறேன். காலையில் படகுத் துறையிலிருந்து போன் வரும், காற்று எப்படி, படகு ஓடுமா, நிற்குமா; கிழமை, தேதி, மாதம், வருடம் போட்டு இரண்டு வரி. அங்கே நீ ஒரு வார்த்தை எழுதியதில்லை. எழுத அதில் இடமில்லை என்பாய். உண்மைதான், நான் அப்படித்தான் அமைத்தேன். செய்தி மட்டும். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், யார் வந்தாலும் கதவு திறந்திருக்கும். ரிஹாம் துறையில் நின்று முடி பறக்க, "மக்களே, இன்னைக்கு ஆட்டம் ஜாஸ்தி, வயித்தக் காலியா வச்சுக்கிட்டு ஏறுங்க" என்கிறாள். முகநூலில் அதற்கு நூற்றுக்கணக்கில் இதயம் விழுகிறது. அதில் ஒன்று உன்னுடையது. தேடித்தான் கண்டுபிடித்தேன்.

ஸக்கியா பெரியம்மாவின் மகன் கல்யாணத்தில் நடந்தது உனக்குப் பாதி தெரியும். மீதியை நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அக்கரை ஸ்ஃபாக்ஸிலிருந்து பெண் வீட்டார் படகேற வேண்டும். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது. படகு ஓடுகிறது என்று தளத்தில் தேதியோடு எழுதியிருந்தேன். ஆனால் போன வருடம் ரிஹாம் தன் பக்கத்தில் போட்ட ஓர் அறிவிப்புக்குக் கீழே யாரோ புதிதாக ஏதோ எழுத, அது மேலே மிதந்து வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் படகு இல்லை என்று. கிழமை மட்டும்தான், தேதி கிடையாது. காற்றுச் சேதி காதில் விழுந்தால் இரண்டு வீட்டுக்காவது சொல்லிவிட்டுத்தான் உட்காருவோம், அது நம் எல்லோருக்கும் கையில் ஊறிய பழக்கம். ஒருவர் பகிர்ந்தார், மதியத்துக்குள் ஸ்ஃபாக்ஸ் முழுக்கப் போய்விட்டது. மாப்பிள்ளை தானே போன் செய்து கடல் அமைதியாக இருக்கிறது, வாருங்கள் என்று கெஞ்சினான். பெண்ணின் அப்பா, "கல்யாண மாப்பிள்ளை கண்ணுக்குக் கடல் என்னைக்குத் தம்பி கொந்தளிச்சிருக்கு? பொண்ணையும் பெட்டியையும் வச்சுக்கிட்டு நான் துறையில படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மறுநாள்தான் வந்தார்கள். இருநூறு பேருக்குச் செய்த கூஸ்கூஸை வெள்ளிக்கிழமை இரவு அக்கம்பக்கத்தார் சாப்பிட்டோம், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல். முதலில் பகிர்ந்தது யார் என்று அன்றைக்கே பார்த்துவிட்டேன். நீ. மறுநாள் அதை அழித்துவிட்டாய், அதையும் பார்த்தேன்.

இன்று சங்கக் கூட்டம். தளத்தை மூடிவிட்டுப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு கோடையிலிருந்தே ஓடுகிறது, இன்று முடிவு. கல்யாணத்தில் நடந்ததே என் பக்கம் பேசும் என்று சந்தோஷமாகத்தான் போனேன், ஒளிக்க மாட்டேன். அந்தப் பக்கம் நம்முடையதில்லை, எது மேலே மிதக்கும் எது அடியில் போகும் என்று நாம் முடிவு செய்வதில்லை, நம் செய்தி நம் இடத்தில் இருக்க வேண்டும் என்றேன். ரிஹாம் பதிலுக்கு, "அத்தை, நீங்க சொல்றது சரிதான். ஆனா ஜனங்க அங்க இல்லையே. அவங்க நிக்கிற இடத்துக்குத்தானே நாம போகணும்" என்றாள். அவளுக்குக் குரலும் நன்றாக இருக்கிறது. ஆனால் தலைகள் என் பக்கம்தான் ஆடின. அப்போது ஸக்கியா பெரியம்மா எழுந்து, "அதெல்லாம் கிடக்கட்டும், அந்தப் பழசை முதல்ல பகிர்ந்த புண்ணியவான் யாரு? உனக்குத் தெரியாம இருக்காது, பக்கம் உன்னுதுதானே" என்று ரிஹாமைப் பிடித்துக்கொண்டாள். ரிஹாம் என்னை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்து, "தெரியல பெரியம்மா. தேதி போடாதது என் தப்பு" என்றாள்.

அவளுக்குத் தெரியும். உன்னைக் காப்பாற்றுகிறாள். என் கண்ணெதிரே, என் மகளை. நான் பேசாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன். அவள் பழியோடு போயிருப்பாள், தளம் நின்றிருக்கும். பொறுக்க முடியவில்லை. இதை நேர்மை என்று நினைத்துவிடாதே, அப்பா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். உன் தவறுகூட அவளிடம் போய்ச் சேர்வதா என்றுதான் இருந்தது. "பகிர்ந்தது என் பொண்ணு" என்றேன். பிறகு தலைவர் ஹாஜ் மக்லூஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஏம்மா தலந்தா, உன் பொண்ணே உன் தளத்தத் தொறந்து பாக்கலேன்னா வேற யாரும்மா பாப்பாங்க?" என்றார். கேலியாகக்கூட இல்லை. அதன் பிறகுதான் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கை தூக்கச் சொன்னார்கள். மாதக் கடைசியில் தளம் மூடப்படுகிறது. காற்றுச் சேதி இனி ரிஹாம் சொல்வாள். தேதியோடு. வாசலில் என் கையைப் பிடித்து என்னவோ சொல்ல வந்தாள், அடுப்பில் வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

பெரியம்மாவுக்கு ஒரு போன் செய்து மன்னிப்புக் கேள், கோபம் பாதி ஆறிவிட்டது. ரிஹாமுக்கும் நன்றி சொல்ல வேண்டியதுதான். அதை எனக்குத் தெரியாமல் சொல். நின்றுகொண்டே சாப்பிடாதே. கழுத்தை மூடாமல் வெளியே போகாதே. இறைவன் உன் வழியில் காற்றைத் தணித்து வைக்கட்டும், உன் கதவைத் தட்டுகிறவர்கள் நல்லவர்களாக இருக்கட்டும்.

தளத்தில் கடைசி அறிவிப்பை இன்று எழுதிவிட்டேன். காற்றைப் பற்றியதில்லை. உனக்கு எழுதியது. என்ன எழுதினேன் என்று இங்கே சொல்ல மாட்டேன். மாதக் கடைசி வரை இருக்கும், போய்ப் பார்.

உன் அம்மா,
தலந்தா