கோட்டுப் பையில் குருவி வெடி

புரட்டாசி 10, செவ்வாய், 1961. சிவகாசி.

பட்டாசு ஆர்டர் பிடிக்க விமானம் ஏறும் நாளெல்லாம், மனைவி என் கோட்டுப் பைகளை உதறிப் பார்த்த பிறகே வாசல் தாண்டுவேன். முந்தாநாள் எம். புதுப்பட்டி ஆலையிலிருந்து நேராக மதுரை போய் ஏறிவிட்டேன். வானத்தில் கைக்குட்டையைத் தேடினால் கையில் இரண்டு குருவி வெடி, சாம்பிளுக்கு எடுத்தவை. பக்கத்து இருக்கைக்காரர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சாம்பல் என் மடியோரம் விழுந்தது. சென்னை வரும்வரை பையைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குழாயடியில் இரண்டையும் நனைத்துப் போட்டேன். திரும்ப விமானம் ஏறத் தைரியமில்லை, ரயிலில் வந்தேன்.

மாலையில் மனைவி பைக்குள் கைவிட்டாள். விரலில் வெடிமருந்து மினுங்கியது.

"மேல போகையிலயும் இத வச்சிருந்தீகளா?"

"இல்ல."

கோட்டைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினாள். வெள்ளிக்கிழமை கல்கத்தா விமானம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.