பயில்வானை இனி அறுக்க முடியாது

கெர்மான்ஷா
வெள்ளிக்கிழமை

என் பர்ஸான் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், ஆடும் சௌக்கியம். உன் முழங்கையும் மனசும் எப்படி இருக்கின்றன என்று எழுது. போன் பண்ணினால் எடுப்பதில்லை, அதனால், போட்டி முடிந்தும் ஊர் திரும்பாமல் நீ தங்கிவிட்ட தாஷ்கண்டுக்குத் திரும்பும் உன் சிநேகிதனிடம் இதையும் அரிசி மாவு பிஸ்கோத்தையும் கொடுத்தனுப்புகிறேன். எடை ஏறிவிடும் என்று மூடி வைக்காதே, எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடந்துதான் ஆசியப் பளுதூக்கும் போட்டியில் தெம்பில்லாமல் போயிற்று.

எந்த ஆடு என்று கேட்பாய். பாகூவில் வெண்கலம், தோஹாவில் வெள்ளி, இந்தத் தடவை தங்கம்தான் என்று பக்கத்து வீட்டுக் கசாப்புக்காரர் மொராத், நீ மேடை ஏறும் முன்பே ஆட்டை வாங்கி நம் வாசலில் கட்டிவிட்டார், ஜெயித்து வருகிறவன் காலடியில் அறுக்க வேண்டுமே. தெருவே நம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. மூன்று தடவையும் தூக்கினாய், மூன்று தடவையும் முழங்கை மடங்கிற்று, செல்லாது என்று நடுவர்கள் சிவப்பு விளக்குப் போட்டார்கள். வாசலில் ஆடு கத்தியது. அதுக்குப் பசிக்குது போல என்று எழுந்து போன அப்பா வெகுநேரம் உள்ளே வரவில்லை. மொராத்திடம் ஆட்டைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னால், அவனுக்குன்னு கட்டினது அக்கா, அவன் வராம கயித்தத் தொட மாட்டேன் என்கிறார். கறி வெட்டும்போதெல்லாம் நடுவர்களுக்கு அர்ச்சனை வேறு, முழங்கை மடங்குச்சாம், இவனுங்க கண்ணுதான் மடங்கிக் கெடக்கு என்று. ஆடு என் ரோஜாச் செடிகளைத் தின்று கொழுத்துவிட்டது. அப்பா தினம் காலையில் யா அலி என்று அதைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றுகிறார், இடுப்பு பிடித்துக்கொண்டால் நான்தான் எண்ணெய் தேய்க்க வேண்டும்.

நேற்று டெஹ்ரானிலிருந்து உன் பயிற்சியாளர் பேசினார். உலகப் போட்டிப் பட்டியலிலிருந்து உன் பெயரை இன்னும் அடிக்கவில்லையாம், மாதக் கடைசிக்குள் முகாமுக்கு வராவிட்டால் வேறு பையனை எடுத்துக்கொள்வார்களாம். வெறுங்கையோடு அந்தத் தெருவுல எப்படி நடப்பேன் என்று நீ சொன்னதைச் சிநேகிதன் சொன்னான். அட அசடே, அப்பா அந்த ஆட்டுக்குப் பயில்வான் என்று பேர் வைத்துவிட்டார். பேர் வைத்ததை நம் வீட்டில் யார் அறுப்பார்கள்? மொராத்தே இப்போது கத்தியை மறைத்துக்கொண்டுதான் நம் வாசலைத் தாண்டுகிறார். ஆக, நீ தங்கத்தோடு வந்தாலும் சும்மா வந்தாலும் இங்கே ஒன்றுதான், வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு முகாமுக்குப் போ.

கடவுள் உனக்குப் பசியையும் தூக்கத்தையும் தரட்டும், மற்றதை நீயே தூக்கிக்கொள்வாய். ஒன்றை மறந்துவிடாதே, வரும்போது வாசல் கதவை மெல்லத் திற. பயில்வான் கதவோடு ஒட்டித்தான் படுக்கிறது, அப்பாவும் இப்போதெல்லாம் அதன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார்.

உன் அம்மா
கோல்நார்