துணிக்கு அந்தப் பக்கம்

பாளையங்கோட்டை,
1917-ம் வருஷம் ஆகஸ்டு 20.

பிரியமுள்ள மருமகன் ஜெபசீலனுக்கு, உன்னையும் எங்களையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிற கர்த்தரை முன்னிட்டு, மாமன் சாலமோன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மா கெசியாளும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். இது என்னுடைய ஐந்தாவது கடிதம். முதல் நான்கும் நீ போயிருக்கிற பாஸ்ராவுக்கு வருகிற வழியில் கடலில் விழுந்து, அவற்றை வாசித்த மீன்கள் சிரித்துச் சிரித்தே கரை ஒதுங்கியதாகக் கேள்வி.

இப்போது எழுதப் போகிற கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. இருபது வருஷமாக அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோர்க்கிற இந்தக் கையின்மேல் ஆணையாகச் சொல்லுகிறேன், நீயும் நம்பமாட்டாய். ஒரே ஒரு தடவை என் கதையை நீ நம்பினாய். அதைப் பிற்பாடு எழுதுகிறேன்.

போன மாதம் வண்ணார்பேட்டை ஆற்றங்கரையில் பயாஸ்கோப் வந்து இறங்கியது. மேலப்பாளையத்து அசன் முகம்மது அண்ணாச்சிதான் அதற்கு முதலாளி. அவர் அடித்த கூடாரம் எவ்வளவு பெரிது என்றால், ஒரு வாசலில் கறுத்த மீசையோடு நுழைகிறவன் மறு வாசலில் நரைத்த மீசையோடுதான் வெளியே வருவான். யந்திரத்து விளக்கின் சூட்டில் தாமிரபரணியில் அயிரை மீன் வெந்து மிதந்தது. கூடாரத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, வாளி வாளியாக ஆற்றுத் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருப்பார்கள். ஈரத்துணியில் படம் இரண்டு பக்கமும் தெரியும். யந்திரம் இருக்கிற பக்கம் ஆண்கள், துணிக்கு அந்தப் பக்கம் பெண்கள். ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்களும் வந்து பார்க்கட்டும் என்று அண்ணாச்சி செய்த ஏற்பாடு.

என்ன, அந்தப் பக்கத்தில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். பள்ளிக்கூடத்து யூனிஸ் அம்மாள் முதல் நாளே வெளியே வந்து, படத்தில் வருகிற இங்கிலீஷ் எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, இதை நான் எப்படி வாசிக்க என்று சண்டை பிடித்தார்கள். அண்ணாச்சி அசரவில்லை. ஆம்பளைப் பக்கம் நேராத்தான் தெரியுது, அங்கன மட்டும் எவன் வாசிச்சுக் கிழிச்சான் தாயி என்று கேட்டார்.

படங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்க உலகம் காத்திருப்பதால் சொல்லுகிறேன். முதல் படத்தில் ஒரு துரைசானி பன்னிரண்டு தடவை மயக்கம் போட்டு விழுகிறாள். ஒவ்வொரு தடவையும் பஞ்சு மெத்தைமேல்தான். சாத்தான்குளத்துத் தேரிமணலில் சித்திரை வெயிலுக்கு ஒரு தடவை விழுந்து காட்டட்டும், நானே மாலை போடுகிறேன். அடுத்ததில் ஒரு தடித்த மனுஷன் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பித் திரும்பியே ஒரு ஊரை இடித்துத் தரைமட்டமாக்குகிறான். நான் சிரித்த சிரிப்பில் வேட்டி அவிழ்ந்து, பத்துப் பேர் கூடிக் கட்டிவிட்டார்கள். அந்தப் படத்துக்கு நூற்றுக்கு இருநூறு மதிப்பெண் கொடுத்தேன். மூன்றாவதில் குதிரைகள் ஓடின. குதிரைகளின் நடிப்பு சுமார்.

நாலாவது, சண்டைப் படம் என்றார்கள். சண்டையைக் காணோம். ஒரு துறைமுகம், ஒரு கப்பல், பலகை வழியே மூட்டை சுமந்து இறங்குகிற நம் நாட்டு ஆட்கள். இதுதான் பாஸ்ரா என்று அண்ணாச்சி உரக்கச் சொன்னார். பன்னிரண்டாவது ஆள் குனிந்து வந்தான். முகம் மூட்டைக்கு அடியில். பதினொன்று எண்ணுகிற நேரம், அவ்வளவுதான், துணியை விட்டே போய்விட்டான்.

அப்போது துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் அம்மாவின் குரல் கேட்டது. ஏலே சீலா, இங்கன பாருலே என்று.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வயதில் நீ பனையிலிருந்து விழுந்து வலது தோள் எலும்பு முறிந்ததையும், அது கோணலாகக் கூடியதையும், அன்றிலிருந்து தண்ணீர்க்குடமானாலும் விறகானாலும் நீ இடது தோளிலேயே தூக்கியதையும், எனக்குத் தெரியாதது மாதிரி முதலிலிருந்து சொன்னாள். இடது தோளுதான் அண்ணே, நான் நல்லாப் பார்த்தேன், அவனேதான் என்றாள்.

மருமகனே, நான் ஆண்கள் பக்கம் இருந்தேன். அந்த ஆள் மூட்டையை வைத்திருந்தது வலது தோளில்.

அச்சுக் கோர்க்கிறவனுடைய கண் இது. இடவலம் மாறி முதுகு காட்டுகிற ஈய எழுத்திலேயே நாளெல்லாம் வாசிக்கிற கண். எது நேர், எது புறம் என்பதில் எனக்குத் தவறாது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய், ஆமா தங்கச்சி, அவனேதான், கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கான் என்றது. நான் இதுவரை அவிழ்த்துவிட்ட பொய்களில் அதுதான் ஆகச் சிறியது. அதைத் தூக்க எனக்கு இரண்டு தோளும் போதவில்லை.

பயாஸ்கோப் இருந்த ஏழு நாளும் போனாள். ஏழு நாளும் கூப்பிட்டாள். அண்ணாச்சியின் வீட்டம்மா ஜமீலா பீவி அவளுக்கென்று முன்னால் இடம் போட்டு வைத்து, கப்பல் தெரிந்ததும், உன் மவன் வாரான் பாரு என்று சொல்லிக்கொடுப்பாளாம். ஐந்தாம் நாளிலிருந்து அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சீலா, சீலா என்று கூப்பிட்டார்கள். அவன் ஒரு நாளாவது திரும்ப வேண்டுமே.

கடைசி நாள் நான் அண்ணாச்சியிடம் போனேன். அந்த ஆளைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா, முகத்தை ஒருதடவை காட்ட முடியுமா என்று கேட்டேன். இப்படிக் கேட்கிறவன் படித்தவனா என்று நீ கேட்பாய். அவர் சிரிக்கவில்லை. கைப்பிடியை நான் வேகமாச் சுத்தலாம், பையச் சுத்தலாம், பின்னாலயும் சுத்தலாம் வே. பின்னால சுத்தினா அவன் திரும்பக் கப்பலுக்குள்ள ஏறிப் போவான். முகத்தைத் திருப்ப என்னால ஆவாது என்றார். பிறகு படச்சுருளில் அந்த ஆள் வருகிற இடத்தில் ஒரு விரல் நீளம் வெட்டி என் கையில் வைத்தார். மறுநாள் வண்டிகள் கங்கைகொண்டான் வழியாக வடக்கே போய்விட்டன.

இனி, நீ நம்பிய கதை. பாஸ்ராவில் ஒவ்வொரு ஈச்சம்பழமும் பனங்காய் அளவு, அங்கே ஆற்றில் பன்னீர் ஓடுகிறது, போனவன் துரை மாதிரித் தொப்பியோடு திரும்புகிறான் என்று போன வருஷம் நம் வீட்டில் சோறு தின்றுகொண்டே நான் அளந்தேன். அடுத்த திங்கட்கிழமை நீ போய்ப் பட்டாளத்துச் சுமைகூலிப் படையில் பேர் கொடுத்தாய். அதைப் பற்றி உன் அம்மா இன்றைக்கு வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பதிலை ஜோடித்திருப்பேன்.

உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. உன்னைச் சேர்த்துக்கொண்ட ஆபீசுக்கு மூன்று தடவை மனு எழுதினேன். விசாரித்து வருகிறோம் என்று மூன்று தடவையும் ஒரே வரி வந்தது. அது என்ன அச்செழுத்து, என்ன அளவு என்றுகூட எனக்குத் தெரியும். வேறு ஒன்றும் தெரியவில்லை.

அந்த விரல் நீளச் சுருளை உன் அம்மா வேதபுத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். காலையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அதையும் ஒரு பக்கம் பார்த்தால் இடது தோள், மறுபக்கம் பார்த்தால் வலது தோள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, புத்தகத்திலிருந்து அதை நான் எடுத்துக் கொடுத்தேன். புத்திகெட்டவன், பக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஜன்னலில் பிடித்தாள். பதினொன்றுக்கு மேலேயே எண்ணியிருப்பேன். பிறகு பைய அதைத் திருப்பிப் பிடித்தாள். பார்த்தாள். புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். சோறு ஆறுது, உக்காரு அண்ணே என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கடிதத்தை நீ எப்படி வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். பத்தில் ஒன்பதைத் தள்ளிவிட்டு வாசிப்பாய். அப்படியே செய். கூடாரம் சின்னதுதான். மீன் வேகவில்லை. வேட்டியும் அவிழவில்லை. நாங்கள் சுகம் என்று மேலே எழுதியிருப்பதையும் தள்ளிவிடு. ஒரு சின்ன இடத்தில் மட்டும் நான் கைவைக்கவில்லை. அவள் அதைத் திருப்பிப் பிடித்தாள், அது மெய்.

ஆகையால் ஒரே ஒரு வரி எழுது. கை வராவிட்டால் யாரையாவது கொண்டு எழுது. இங்கு வந்தபின் சுமையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டேன் என்று எழுது. பொய்யானாலும் எழுது, நான் நம்புகிறேன். கர்த்தர் உன் இரண்டு தோளையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மாமன்
சாலமோன்