சூப்பர்வைசர் லீவில் இருந்த ஆவணி

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று செய்ய வேண்டியவை: 1. பட்டியல் எழுதுவது.

எழுதினேன். அடித்தேன். படுத்துக்கொண்டேன். ஒரு நாள் வேலை முடிந்தது.

பேண்டேஜ் துணி மில்லில் நாற்பது தறிக்கு எது எப்போது ஓட வேண்டும் என்று பிளான் போடுகிறவன் நான். இப்போது மூன்று வாரமாக மெடிக்கல் லீவு. முதலில் பல் தேய்ப்பதா, டீ போடுவதா என்று கட்டில் விளிம்பில் முக்கால் மணி நேரம் யோசித்தேன். இரண்டும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

டாக்டரம்மாவிடம் போனேன். "நான் சோம்பேறியா மேடம்?" என்று கேட்டேன். சிரித்தார்.

"மனச்சோர்வுன்னா அழுகை மட்டும் இல்ல பிரேம்குமார். திட்டம் போடுறது, ஒண்ண ஆரம்பிக்கிறது, ஞாபகம் வச்சு முடிக்கிறது, அதையும் சேர்த்துதான் அமுக்கும். உங்க மில்லுல ஆளுக எல்லாம் வேலைக்கு வந்திருக்காங்க, சூப்பர்வைசர் மட்டும் லீவுன்னு வச்சுக்கோங்க."

அந்த சூப்பர்வைசர் லீவு லெட்டராவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாத்திரை தீர்ந்து மூன்று நாள். மெடிக்கல் ஷாப் இந்த மாடிக்கு நேர் கீழேதான். பதினாறு படி. எண்ணி வைத்திருக்கிறேன், இறங்கத்தான் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பாண்டிசெல்வி அக்கா வந்தாள். முதல் வேலையாக மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய ஒரு வயசு மகள் கார்த்திகாவுக்கு மொட்டையும் காதுகுத்தும். செப்டம்பர் நாலு, அவள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் மலைக்கோயிலில்.

"சீரு பெருசா வேண்டாம்ல. நீ வந்து உக்காரு, போதும். நீ வரலன்னா அவுக சித்தப்பா மகன உக்கார வைப்பாக. தாய்மாமன் இருந்தும் இல்லாத பிள்ளையாப் போகும் எம்பிள்ள."

அவள் சொன்னதில் தப்பில்லை. தொட்டில் போட்ட அன்றைக்கே நான் போகவில்லை. சட்டைக்கு இஸ்திரி போடுவதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அங்கே பந்தி முடிந்துவிட்டது. இந்தத் தடவையும் விட்டால் அக்கா என்னை மன்னிப்பாள், நான்தான் மன்னிக்க மாட்டேன்.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. லோடு நாலாம் தேதி போக வேண்டும் என்றால் போர்டில் ஒரு வாரம் முன்தேதி எழுதிவிடுவேன். அப்போதுதான் தறிகள் ஒழுங்காக ஓடும். அதே மாதிரி காலண்டரில் 28-ஐச் சிவப்பில் வட்டமிட்டு 'காதுகுத்து' என்று எழுதினேன். பரவாயில்லையே, எனக்கும் மூளை இருக்கிறது!

ஆகஸ்ட் 25, திங்கள்

கம்மல் வாங்கப் போனேன். கடை வாசல் வரை போய், உள்ளே என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். வரும் வழியில் ஒரு சிவப்பு வாளி வாங்கினேன். ஏன்?

ஆகஸ்ட் 27, புதன்

நாளைக்குக் காதுகுத்து! கம்மல் வாங்கிவிட்டேன், பாவாடை சட்டை, பழம், பால்கோவா எல்லாம் வாங்கிவிட்டேன். தாம்பாளம் மட்டும் மறந்துபோயிற்று. சீர் மொத்தமும் வாளியில் இருக்கிறது. அக்கா போன் அடித்தாள், எடுக்கவில்லை. தாம்பாளத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? காலையில் ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று வேட்டி சட்டையோடே படுக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எப்படி எழுதுவேன் இதை?

மூச்சு வாங்கக் கோயில் படியேறினேன். மேலே ஒரு கூட்டம், மணை, ஊசியோடு ஆசாரி. என் வாளியைப் பார்த்ததும் ஒரு பெரியவர் கத்தினார்: "மாமன் வந்தாச்சு! எம்புட்டு நேரம் காத்துக் கெடக்குறது!"

அக்கா வீட்டுக்காரர் பக்கத்து ஆட்களை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. உட்கார்ந்துவிட்டேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளையை மடியில் வைத்தார்கள். செம கனம். ஒரு வயசுப் பிள்ளைக்கு இத்தனை பல்லா? அக்கா எங்கே என்றேன். "ஊசியப் பாத்தா அழுதுருவாளாம்னு அங்கிட்டு நிக்கச் சொல்லிருக்கு." பின்னால் ஒரு அம்மாள், "வாளியிலயா சீர் கொண்டாருவாக?" என்று கேட்க, "பட்டாளத்துல அப்படித்தான் போல" என்றார் இன்னொருவர்.

பட்டாளமா? நானா?

அதற்குள் மடியில் வெதுவெதுவென்று ஈரம். குனிந்து பார்த்தேன். ஆண்பிள்ளை!

அப்போது ஒட்ட வெட்டிய முடியோடு ஒருவர் தாம்பாளத்தோடு ஓடிவந்தார். "ரயில் லேட்டு! ஆமா, நீங்க யாரு?"

"தாய்மாமன்."

"அப்ப நான் யாரு?"

பிள்ளையின் அம்மா ஓடிவந்து போட்ட சத்தத்தில்தான் எனக்குப் புரிந்தது. இருபத்தெட்டு நான் எழுதிய தேதி, அக்கா சொன்னது நாலு. இந்த நோட்டை ஒரு தடவை புரட்டியிருந்தால்கூடப் போதும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "எனக்கு டிப்ரஷன்ங்க. எதையும் பிளான் பண்ண வரல. எங்க அக்கா பிள்ளைக்குத்தான் வந்தேன், தேதி மாறிப் போச்சு."

பட்டாளத்துக்காரர் வாளியைப் பார்த்தார், ஈர வேட்டியைப் பார்த்தார். "ஒரு வாரம் முந்தி வந்துருக்கீக. எங்க யூனிட்டுல இதுக்கு மெடலே குடுப்பாக" என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. நானும்தான். சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று!

அவர் பெயர் தங்கப்பாண்டியன். பக்கத்துச் சுந்தரபாண்டியம் ஊர்க்காரர், ஒரு மாத லீவில் வந்திருக்கிறார். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். நாலாம் தேதி காலையில் எழுப்பிவிடுகிறேன் என்று நம்பரும் வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். "அடுத்தவ பிள்ளைக்கு மடி குடுத்துட்டு வந்துருக்கியேல!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அழுதாள். "நெசமாவே வந்துருக்கியேல தம்பி" என்றாள்.

செப்டம்பர் 4, வியாழன்

காலை ஐந்தரைக்குப் போன். "மாமா, எந்திரிச்சாச்சா?" தங்கப்பாண்டியன்தான். "பல்ல வெளக்குங்க, செத்த நேரத்துல அடிக்கேன்." அடித்தார். "இப்பக் குளிங்க." மறுபடியும் அடித்தார். "இப்பச் சட்டை. பஸ் ஏறிட்டு எனக்குச் சொல்லணும்." ஒரு தடவைக்கு ஒரு வேலைதான். அதற்கு மேல் சொல்லவே இல்லை.

கார்த்திகா என் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதாள், என் விரலைக் கடித்தாள். இரண்டு காதும் குத்தியாயிற்று. அக்கா அந்தப் பக்கம் நிற்கவில்லை, என் பக்கத்திலேயே நின்றாள்.

சீரை இந்தத் தடவை தாம்பாளத்தில்தான் கொண்டுபோனேன். "வாளி எங்கல?" என்றாள் அக்கா.

செப்டம்பர் 17, புதன்

மாத்திரை இன்னும் மூன்று நாளைக்கு இருக்கிறது. இன்றைக்கே இறங்கிப் போய் வாங்கி வந்துவிட்டேன். வாளியில் துணி ஊறுகிறது.